எலும்பு முறியவில்லை என்றால் இழப்பீடு இல்லையா?

 

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களுள் பெரும்பாலானவை வீட்டுப் பத்திரம், வாரிசுரிமை, வாடகை பற்றியவை. இம்முறை மேலப்பாளையத்திலிருந்து ஒரு சகோதரி வேறு வகையான துன்பத்தை எழுதியுள்ளார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதத்தின் முக்கியமான பகுதியைப் படியுங்கள்.

"நான் பீடி சுற்றுபவள். நான்கு மாதங்களுக்கு முன் என் கணவருடன் ஸ்கூட்டரின் பின்னால் அமர்ந்து உம்மா வீட்டிலிருந்து திரும்பும்போது, ஒரு சரக்கு வேன் பின்புறமாக மோதிவிட்டது. அவருக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டுமே. என்னை அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு முறிவு இல்லை என்று மாத்திரை கொடுத்து அன்றே அனுப்பிவிட்டார்கள். 'அல்ஹம்துலில்லாஹ், பெரிய ஆபத்து நீங்கியது' என்று எல்லோரும் ஆறுதல் கூறினார்கள். போலீஸிலும் புகார் எழுதிக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. இன்றுவரை அப்படியே இருக்கிறது. சுளகை மடியில் வைத்துக் குனிந்தால் பிடரியிலிருந்து வலது தோள் வரை இழுத்துப் பிடிக்கிறது. நாளொன்றுக்கு 700 பீடி சுற்றிய கை இப்போது 200 சுற்றுவதற்குள் ஓய்ந்துவிடுகிறது. வேன்காரர் நல்ல மனிதர்தான். பத்தாயிரம் ரூபாய் தருவதாகவும், இனி எந்தப் புகாரும் இல்லை என்று முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டுத் தரும்படியும் கேட்கிறார். 'எலும்பு முறியாத கேஸுக்குக் கோர்ட்டில் ஒன்றும் கிடைக்காது. கிடைத்ததை வாங்கிக்கொள்' என்று மாமா சொல்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்? வலியைக் காட்டுவதற்கு என்னிடம் ஒரு கட்டுக்கூட இல்லையே! நான் நடிக்கிறேன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற அச்சமே பெரிதாக இருக்கிறது."

சகோதரி, முதலில் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுகிறேன். அந்த முத்திரைத்தாளில் இப்போது கையெழுத்திட வேண்டாம். உங்கள் மாமனார் உங்கள் நன்மையை எண்ணியே கூறியிருப்பார். ஆயினும் எலும்பு முறியாத காயத்துக்கு இழப்பீடு இல்லை என்பது சட்டம் அன்று. ஊரில் பலகாலமாக வழங்கிவரும் தவறான எண்ணம் அது.

எக்ஸ்ரேயில் தெரியாத காயம்

எக்ஸ்ரே படம் எலும்பைக் காட்டும். எலும்பைச் சுற்றியுள்ள தசை, எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் தசைநார், தசையை எலும்போடு கட்டும் தசைநாண் ஆகியவற்றைத் தெளிவாகக் காட்டாது. இவற்றையே மருத்துவர்கள் மென்திசுக்கள் என்கிறார்கள். இவை அளவுக்கு மீறி இழுபட்டாலோ, நைந்தாலோ, ஓரளவு கிழிந்தாலோ ஏற்படுவது மென்திசுக் காயம். "எலும்பு முறிவு இல்லை" என்று எழுதியிருப்பதற்கு "காயம் இல்லை" என்பது பொருளாகாது.

வண்டி பின்னாலிருந்து மோதும்போது உடல் முன்னே தள்ளப்படுகிறது; தலை ஒரு கணம் பின்தங்கிப் பின்னர் முன்னே வீசப்படுகிறது. சாட்டையைச் சொடுக்கியதுபோல் கழுத்து இழுபடுவதால் இதனைச் சாட்டையடிக் காயம் என்பர். இதில் வலி உடனே தெரியாமல் சில மணி நேரம் கழித்தோ, மறுநாளோ தொடங்குவது உண்டு. ஆகவே, "மறுநாள் காலையில்தான் வலித்தது" என்று நீங்கள் எழுதியிருப்பது உங்கள் வழக்குக்குக் குறை அன்று. அந்தக் காயத்தின் இயல்பே அதுதான்.

1995ஆம் ஆண்டு கனடாவின் கியூபெக் மாநிலத்தில் அமைந்த ஒரு மருத்துவ வல்லுநர் குழு இக்காயத்தைப் படிகளாகப் பிரித்தது. கழுத்தில் வலியும் இறுக்கமும் மட்டும் இருப்பது முதற்படி. கழுத்து திரும்பும் அளவு குறைந்து, தொட்டால் வலிக்கும் இடமும் மருத்துவருக்குப் புலப்படுவது இரண்டாம் படி. கை மரத்தல், வலுக்குறைதல் போன்ற நரம்புக் குறிகள் இருப்பது மூன்றாம் படி. எலும்பு முறிவோ, மூட்டு விலகலோ இருப்பது நான்காம் படி. முதல் மூன்று படிகளிலும் எலும்பு முறிவு இல்லை என்பதைக் கவனியுங்கள். பலருக்குச் சில வாரங்களில் குணமாகிவிடுகிறது. சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கிறது.

எனவே, நாளையே அரசு மருத்துவமனையின் எலும்பு மூட்டுப் பிரிவுக்குச் செல்லுங்கள். விபத்து நடந்த நாளையும், வலி தொடங்கிய நாளையும், எந்த வேலை செய்தால் வலிக்கிறது என்பதையும் கூறுங்கள். கழுத்து எவ்வளவு திரும்புகிறது, எங்கே தொட்டால் வலிக்கிறது என்பதைச் சோதித்துச் சீட்டில் எழுதும்படி பணிவுடன் கேளுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். விரல்கள் மரத்துப்போனாலோ, கையில் பிடிமானம் குறைந்தாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் கழுத்தை வெடுக்கென்று திருப்பிவிடும் கைவைத்தியத்துக்கு உட்பட வேண்டாம். நாள்கணக்கில் கழுத்துப் பட்டையோடு படுத்திருப்பதைவிட, மருத்துவர் காட்டித்தரும் அளவுக்கு மெல்ல அசைத்துப் பழகுவதையே இன்றைய மருத்துவம் பரிந்துரைக்கிறது.

சட்டம் என்ன கூறுகிறது?

நம் நாட்டில் சாலை விபத்து இழப்பீட்டுக்கு அடிப்படை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். அதன் 146ஆம் பிரிவின்படி, பொதுச் சாலையில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் பிறருக்கு நேரும் கேட்டை ஈடுசெய்யும் காப்பீடு கட்டாயம். 166ஆம் பிரிவின்படி, காயமடைந்தவர் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். "காயம்" என்றுதான் சட்டம் கூறுகிறதேயன்றி, "எலும்பு முறிவு" என்று கூறவில்லை. சிறு காயத்துக்கும் மனுச் செய்யலாம். ஓட்டுநரின் கவனக்குறைவை மட்டும் மெய்ப்பிக்க வேண்டும். குற்ற வழக்கில் போல ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும் என்பதில்லை. நடந்திருக்கவே கூடும் என்று நடுநிலையாளர் ஏற்கும் அளவு போதும்.

166ஆம் பிரிவின் மனுவில், நீங்கள் ஸ்கூட்டரின் பின்னால் அமர்ந்து வந்தவர் என்பது உங்களுக்குச் சாதகமானது. "உன் கணவர் மீதும் தவறு உண்டு" என்று எதிர்த்தரப்பு கூறலாம். இரு ஓட்டுநர்களின் தவறும் சேர்ந்து நடந்த விபத்தாக இருந்தாலும், பயணியாக வந்தவர் தம் முழு இழப்பீட்டையும் அவ்விருவருள் ஒருவரிடமிருந்தே பெறலாம் என்று 2015ஆம் ஆண்டு கெனியெய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

சிறு காயமா, கொடுங்காயமா?

மருத்துவமனைக் காயச் சான்றிதழில் "சாதாரணக் காயம்" அல்லது "கொடுங்காயம்" என்று எழுதுவார்கள். எலும்பு முறிவு இல்லையென்றால் வழக்கமாகச் "சாதாரணம்" என்றே எழுதிவிடுகிறார்கள். ஆனால், கொடுங்காயம் என்பதற்குச் சட்டம் எட்டு வகைகளைக் கூறுகிறது. எலும்பு முறிவு அவற்றுள் ஒன்று மட்டுமே. எட்டாவது வகை உங்களைப் போன்றவர்களுக்கு உரியது. குறிப்பிட்ட நாள்கள் வரை கடும் உடல்வலியில் ஒருவரை வைத்திருக்கும் காயமும், தம் வழக்கமான பணிகளைச் செய்ய இயலாமல் ஆக்கும் காயமும் கொடுங்காயமே. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது 20 நாள்களாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவில் 15 நாள்களாகக் குறைக்கப்பட்டுள்ளது.

இதனால் என்ன பயன்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி, யார் மீது தவறு என்று மெய்ப்பிக்காமலே, கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாயும், மரணத்துக்கு ஐந்து லட்சம் ரூபாயும் கோர வழியுண்டு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி வந்து, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதி இது. உங்கள் காயம் எட்டாவது வகையில் அடங்குமா என்பதை ஆவணங்களைப் பார்த்து மருத்துவரும் தீர்ப்பாயமுமே கூற வேண்டும். ஆதலால், முதல் இரண்டு மூன்று வாரங்களில் நீங்கள் வேலை செய்யாமல் இருந்ததற்கான சான்றுகள் மிகவும் முக்கியமானவை.

இங்கே ஓர் எச்சரிக்கை. 164ஆம் பிரிவின் தொகையைச் சட்டம் கூறும் முறைப்படி ஏற்றுக்கொண்டால், 166ஆம் பிரிவின்கீழ் செய்த மனு காலாவதியாகிவிடும். இரண்டில் எது உங்களுக்கு ஏற்றது என்பதை வழக்கறிஞரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

ஆறு மாதங்கள் என்பதை மறவாதீர்கள்

1994 முதல் பல ஆண்டுகள் இத்தகைய மனுவுக்குக் காலக்கெடு இல்லாமல் இருந்தது. அந்நினைவில் இன்றும் பலர், "மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடுகிறார்கள். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 166(3)ஆம் பிரிவு, விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்கிறது. இக்கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் சென்றதுண்டு. எனவே, கெடு கடந்தவர்களும் வழக்கறிஞரைக் கேளாமல் கைவிட வேண்டாம். உங்களுக்கோ நான்கு மாதங்களே கடந்துள்ளன. எஞ்சிய இரண்டு மாதங்களை வீணாக்காதீர்கள்.

விபத்து நடந்த இடத்திலேயே மனுச் செய்ய வேண்டும் என்பதில்லை. நீங்கள் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலும் செய்யலாம்.

இப்போது செய்ய வேண்டியவை

முதலாவது, காவல் நிலையப் புகார். விபத்து நடந்த நாள், நேரம், இடம், வேன் எண், மருத்துவமனைக்குச் சென்ற விவரம் ஆகியவற்றை உங்கள் கணவர் எழுதிக் கொடுக்கட்டும். தாமதத்துக்கான காரணத்தை உள்ளபடி எழுதுங்கள்: "எலும்பு முறிவு இல்லை என்றதால் புகார் தரவில்லை, வலி பின்னர் தொடங்கி நீடித்தது." முதல் தகவல் அறிக்கை தாமதமானது என்ற ஒரே காரணத்தால் காயமடைந்தவரின் வழக்கை ஐயுறக் கூடாது என்று 2011ஆம் ஆண்டு ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. நம் நாட்டில் விபத்துக்குள்ளானவர்கள் முதலில் ஓடுவது மருத்துவமனைக்குத்தான், காவல் நிலையத்துக்கு அன்று என்பதை நீதிபதிகள் அறிவார்கள். புகாரை ஏற்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ, மாநகரமாயின் காவல் ஆணையருக்கோ பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பயன் இல்லையென்றால் நீதித்துறை நடுவரை அணுகலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை.

இரண்டாவது, விபத்துப் பதிவேட்டின் நகல். அரசு மருத்துவமனையில் விபத்து என்று கூறி வருபவரின் விவரத்தை அன்றே ஒரு பதிவேட்டில் எழுதுவார்கள். 'ஏ.ஆர். காப்பி' என்று கேட்டால் தெரியும். விபத்து அன்றே நடந்தது, அதில் நீங்கள் காயமடைந்தீர்கள் என்பதற்கு இதுவே முதற்சான்று.

மூன்றாவது, மருத்துவச் சீட்டுகள். புறநோயாளிச் சீட்டு, மருந்துக்கடை ரசீது, இயன்முறைச் சிகிச்சைக்குச் சென்ற நாள்கள், எக்ஸ்ரே படம் ஆகிய அனைத்தையும் நாள்வாரியாக ஒரு கோப்பில் வையுங்கள். ஆட்டோ கட்டணத்தையும் எழுதி வையுங்கள். சிகிச்சையில் நீண்ட இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "வலித்திருந்தால் ஏன் மருத்துவரிடம் செல்லவில்லை?" என்பதே குறுக்கு விசாரணையில் வரும் முதற்கேள்வி. நம் பெண்கள் பலர் வீட்டுச் செலவை எண்ணி வலியைப் பொறுத்துக்கொள்வார்கள். வீட்டாருக்கு அது பொறுமை. வழக்கில் அது சான்றின்மை.

நான்காவது, உங்கள் பாஸ் புத்தகம். கடையில் இலையும் தூளும் வாங்கியதும், சுற்றிக் கொடுத்த பீடியின் எண்ணிக்கையும் அதில் பதிந்திருக்கும். விபத்துக்கு முந்திய ஆறு மாதங்களையும் பிந்திய நான்கு மாதங்களையும் நகலெடுங்கள். வருங்கால வைப்பு நிதிக் கணக்கு இருந்தால் அந்த விவரமும் உதவும். கழுத்தில் கட்டு இல்லையே என்று வருந்தினீர்கள். 700 என்ற எண் 200 ஆக இறங்கியதை உங்கள் கடைக்காரரே மாதந்தோறும் எழுதி வைத்திருக்கிறாரே! அதைவிடத் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்? பாஸ் புத்தகம் வேறொருவர் பெயரில் இருந்தால், அதனையும் மறைக்காமல் வழக்கறிஞரிடம் முதலிலேயே கூறிவிடுங்கள்.

ஐந்தாவது, ஒரு சிறு குறிப்பேடு. இன்று எந்த வேலை முடியவில்லை, இரவு எத்தனை முறை விழித்தீர்கள், யார் சமைத்தார்கள் என்று அன்றன்று இரண்டு வரி எழுதுங்கள். சாட்சி சொல்லும் நாள் ஓராண்டு கழித்தும் வரலாம். அப்போது நினைவு கைவிட்டாலும் குறிப்பேடு கைவிடாது.

தொகை எவ்வாறு கணக்கிடப்படும்?

காயத்துக்கான இழப்பீட்டை எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்பதற்கு, 2010 அக்டோபரில் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே இன்றும் வழிகாட்டி. மருத்துவச் செலவு, போக்குவரத்து, சத்துணவு ஆகியவை ஒரு தலைப்பு. சிகிச்சைக் காலத்தில் இழந்த வருவாய் மற்றொன்று. வலிக்கும் வேதனைக்கும் தனித் தொகை. நிலையான ஊனம் இருப்பதாகத் திட்டமான மருத்துவச் சான்று இருந்தால் மட்டுமே எதிர்கால வருவாய் இழப்பு, வாழ்க்கை வசதிகளின் இழப்பு முதலியவை சேரும்.

உங்கள் வருவாய் இழப்பை நீங்களே கணக்கிடலாம். நாளொன்றுக்குக் குறைந்தது 500 பீடி. மாதத்துக்கு 25 நாள் வேலை என்றால் 12,500. நான்கு மாதங்களுக்கு 50,000. ஆயிரம் பீடிக்கு உங்கள் கடை தரும் கூலியை ஐம்பதால் பெருக்கினால் இதுவரை இழந்த கூலி கிடைக்கும். முற்றிலும் வேலை செய்யாத நாள்கள் இருந்தால் அவற்றைத் தனியே சேருங்கள்.

வீட்டு வேலையையும் மறவாதீர்கள். கூலிக்குச் செல்லாத இல்லத்தரசியின் உழைப்புக்கும் பணமதிப்பு உண்டு என்பதை 2001ஆம் ஆண்டின் லதா வாத்வா வழக்கிலும், 2021ஆம் ஆண்டின் கீர்த்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் ஏற்றுள்ளது. "வீட்டில் சும்மா இருப்பவள்தானே" என்ற பேச்சு நீதிமன்றத்தில் எடுபடாது. இதனைப் படிக்கும் ஆடவர்களும் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது.

ஊனத்தின் விழுக்காட்டைப் பற்றி ராஜ்குமார் தீர்ப்பு மிக நுட்பமான ஒன்றைக் கூறுகிறது. மருத்துவர் எழுதும் விழுக்காடு வேறு. அந்த மனிதரின் சம்பாத்தியம் குறையும் விழுக்காடு வேறு. இடக்கையை இழந்த ஓட்டுநரோ, தச்சரோ தம் தொழிலை ஏறத்தாழ முழுமையாக இழக்கிறார். அதே கையை இழந்த அரசு எழுத்தர் தம் வேலையில் தொடரக்கூடும். அதுபோல், கழுத்து சிறிதளவு திரும்பாமை ஒரு மேற்பார்வையாளருக்குச் சிறு தொல்லையாக இருக்கலாம். நாள் முழுதும் தலைகுனிந்து பீடி சுற்றுபவருக்கு அது கூலியில் விழும் வெட்டு. உங்கள் தொழில் எப்படிப்பட்டது என்பதை மருத்துவரிடமும் நீதிபதியிடமும் விளக்கிக் கூற வேண்டியது இதனால்தான்.

அளவுக்கு மீறிய நம்பிக்கையும் வேண்டாம். மென்திசுக் காயம் குணமாகிவிடக் கூடியது. நிலையான ஊனம் என்ற சான்று கிடைக்காமற் போனால், செலவு, இழந்த கூலி, வலிக்கான தொகை ஆகியவற்றோடு தீர்ப்பு நின்றுவிடும். எவராவது, "பத்து லட்சம் வாங்கித் தருகிறேன்" என்று கூறினால் அவரிடமிருந்து விலகியிருங்கள். குறைவாகக் கேட்டுவிட்டோமே என்ற கவலையும் வேண்டாம். கேட்டதைவிடக் கூடுதலாக வழங்குவதற்கும் தீர்ப்பாயத்துக்குத் தடையில்லை என்று நாகப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது.

பத்தாயிரமும் முத்திரைத்தாளும்

வேன் உரிமையாளர் நல்லவர் என்று எழுதியுள்ளீர்கள். அவரைப் பகைக்க வேண்டியதில்லை. அவருடைய வண்டிக்குக் காப்பீடு நடப்பில் இருந்தால், இழப்பீட்டைச் செலுத்தப்போவது காப்பீட்டு நிறுவனமே. இதை உங்கள் கணவர் அவரிடம் அமைதியாக எடுத்துரைக்கட்டும். அவர் அஞ்சுவது ஓட்டுநர் மீது வரக்கூடிய வழக்கையாக இருக்கலாம். அந்த அச்சத்துக்கு விலையாக உங்கள் உரிமையைக் கொடுத்துவிட முடியாது. காப்பீடு இல்லாமல் ஓட்டியிருந்தால் பொறுப்பு அவரையே சேரும்.

"இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கொடுத்தால், பின்னர் மனுச் செய்யும்போது அந்தத் தாளையே எதிர்த்தரப்பு உங்கள் முன் நீட்டும். வலி இன்னும் எத்தனை மாதம் நீடிக்கும் என்று தெரியாத நிலையில் கணக்கை முடிப்பது சரியன்று. சமரசம் செய்துகொள்ளச் சட்டமே வழி வைத்திருக்கிறது. 149ஆம் பிரிவின்படி காப்பீட்டு நிறுவனம் ஒரு தொகையை முன்வைக்கலாம். நீங்கள் சம்மதித்தால் தீர்ப்பாயம் அதனைப் பதிவு செய்யும். மக்கள் நீதிமன்றத்திலும் பேசி முடிக்கலாம். ஆனால், மக்கள் நீதிமன்றத்தில் எழுதப்படும் முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது. எனவே, அங்கும் தொகையை நன்கு யோசித்த பின்னரே கையெழுத்திடுங்கள்.

வழக்கறிஞர் கட்டணத்துக்கு அஞ்ச வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெண் என்ற ஒரே தகுதியால், வருமான வரம்பு பாராமல் உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. திருநெல்வேலி மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மருத்துவமனை வாசலில் நின்று வழக்குப் பிடிக்கும் தரகர்களிடம் வெற்றுத்தாளில் கையெழுத்திடாதீர்கள். கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு என்று பேசி வழக்கு நடத்துவதை இந்திய வழக்கறிஞர் குழுமத்தின் விதிகளே தடை செய்கின்றன.

வழக்குத் தொடுப்பது பொறுமைக்கு எதிரானதா?

இத்தகைய நேரங்களில் நம் வீடுகளில் ஒரு குரல் எழும்: "நடந்தது நாட்டப்படி நடந்தது, கோர்ட்டுப் படியேறலாமா?" விபத்தைப் பொறுத்துக்கொள்வது வேறு, பிறர் கவனக்குறைவால் இழந்த கூலியைக் கேட்பது வேறு. காயங்களுக்கு ஈடு என்பது நம் ஃபிக்ஹு நூல்களுக்குப் புதியதன்று. அளவு குறிக்கப்பட்ட காயங்களுக்குரிய ஈட்டை 'அர்ஷ்' என்றும், அளவு குறிக்கப்படாத காயத்துக்கு நேர்மையோடு மதிப்பிட்டு விதிப்பதை 'ஹுகூமத்துல் அத்ல்' என்றும் அவை வழங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத காயத்தையும் மதிப்பிட வேண்டும் என்ற சிந்தனை எத்தனை பழமையானது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆனால், கேட்பது உண்மையாக இருக்க வேண்டும். 200 பீடி சுற்றுகிறீர்கள் என்றால் 200 என்றே கூறுங்கள். ஒன்றுமே முடியவில்லை என்று கூறாதீர்கள். சிகிச்சையே அளிக்காமல் தாராளமாக ஊனச் சான்றிதழ் எழுதித்தரும் மருத்துவர்களைப் பற்றி ராஜ்குமார் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் கடுமையாக எச்சரித்துள்ளது. உண்மையான வலிக்காரர்களைத் தீர்ப்பாயம் ஐயத்தோடு பார்ப்பதற்கு, பொய்யாக வலித்தவர்களே காரணம். ஒரு பொய் கண்டுபிடிக்கப்பட்டால் உங்களிடமுள்ள ஒன்பது உண்மைகளும் அதனோடு சேர்ந்து வீழும்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சாலையில் அடிபட்டால், "ஒன்றுமில்லை" என்று எழுந்து வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். அரசு மருத்துவமனைக்குச் சென்று விபத்து என்று கூறிப் பதிவு செய்யுங்கள். வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழக அரசு 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்துக்குப் பிந்திய முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்காக ஏற்பட்டது. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டம், ஏழு நாள்கள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மிகாமல் பணமின்றிச் சிகிச்சை பெற வழி செய்கிறது. இவற்றைப் பற்றி மருத்துவமனையிலேயே கேளுங்கள்.

மேலப்பாளையத்துச் சகோதரியே! நீங்கள் நடிக்கவில்லை. உங்கள் மாமனாரை அருகில் அமர்த்தி இக்கட்டுரையைப் படித்துக் காட்டுங்கள். பாஸ் புத்தகத்தின் இரு பக்கங்களை அவர் முன் விரித்து வையுங்கள். அவரே உங்களைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துச் செல்வார், இன்ஷா அல்லாஹ். மனுச் செய்த பிறகு என்ன நடந்தது என்பதை மறவாமல் எழுதுங்கள். உங்களைப் போல் கட்டில்லாத வலியோடு சுளகின் முன் அமர்ந்திருக்கும் வேறு சகோதரிகளுக்கும் அது பயன்படும்.

வஸ்ஸலாம்.